உறையும் உண்மையும்

சி மொழியில் நிரல் எழுதப் பயிலும் மாணாக்கர் பலர், நாளடைவில் தமக்கென ஒரு சிறு துணை நூலகம் அமைத்துக்கொள்ளுகின்றனர். கோப்பைத் திறத்தல், படித்தல், எழுதுதல், நினைவகம் பெறுதல் முதலிய தொழில்களை இயங்குதளத்தினிடம் நேரே கேளாது, இடையில் தாம் எழுதி வைத்த ஒரு செயற்கூற்றின் வாயிலாகக் கேட்பதே அந்நூலகத்தின் நோக்கம். இவ்விடைச் செயற்கூற்றை உறை என்ப. இவ்வுறை வேண்டுவதோ வேண்டாததோ என்று வாதிப்பார் இரு திறத்தார் உளர். வேண்டுவதே என்பது எம் துணிபு. ஆயினும், தன்னுள் நிகழ்ந்த தோல்வியைத் தன்னை அழைத்தவனுக்கு உள்ளவாறு உரையாத உறை, உறையின்மையினும் தீது என்பதனையும் உடன் கூற விரும்புகின்றோம்.

உறையென்பது சோம்பற்கு இடங்கொடுப்பதென்றும், அழைப்புக்களை நேரே கையாளுதலே கற்பவனுக்குத் தக்கதென்றும் சிலர் கூறுவர். அவர் கூற்று ஒருசார் உண்மையே. நேரே ஒருமுறையேனும் கையாளாதவன் செவ்விய உறை எழுதுதல் அரிது. ஆனால் நேரழைப்பு என்று அவர் பாராட்டுவதுதான் யாது? லினக்ஸில் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல், பிழை நேர்ந்தவிடத்து −1 முதல் −4095 வரையுள்ள எண்களுள் ஒன்றை விடையாகத் தருகின்றது. சி மொழியின் பொது நூலகம் அதனை வாங்கி, பிழையின் எண்ணை 'எர்நோ' என்னும் இடத்தில் வைத்துவிட்டு, நமக்கு வெறும் −1 என்று மாற்றி அளிக்கின்றது. ஆகவே, நாம் நேரே அழைப்பதாகக் கருதும் 'ரைட்' என்பதே ஓர் உறைதான். உறையை அறவே வெறுப்பவர் அதனையும் வெறுக்கக் கடவர்!

இனி, உறையின் நன்மை எங்ஙனம் என்பதற்கு அந்த 'ரைட்' என்னும் அழைப்பையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பைட்டுக்களை எழுதுக என்று அதனைக் கேட்டால், அறுநூறு மட்டும் எழுதி, அறுநூறு என்று விடை கூறித் திரும்புதல் அதற்கு உரிமை. குழாய்களிலும் பிணையத் தொடர்புகளிலும் இது நிகழக்கூடியதே. மேலும் லினக்ஸில் ஒரே அழைப்பில் 2,147,479,552 பைட்டுக்கு மேல் எவ்வாற்றானும் செல்லாது. ஒரு பைட்டும் எழுதுமுன் இடையில் ஒரு சிக்னல் வந்து தாக்கின், எழுதாமலே −1 என்று திரும்புவதும் உண்டு. இவற்றையெல்லாம் எண்ணி, எஞ்சியதை மீண்டும் மீண்டும் எழுதும் சுழற்சியொன்றை அழைக்கும் இடந்தோறும் எழுதுவார் யாவர்? எழுதார் என்பது கண்கூடு. நூறு கலம் கொடுத்தனுப்பியதில் அறுபதே களஞ்சியஞ் சேர, நூறென்று கணக்கெழுதும் உக்கிராணக்காரனை எவ்வீட்டார் வைத்துக்கொள்வர்? விடையைப் பாராத நிரல் அவனையே வைத்துக்கொண்டிருக்கின்றது.

2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய 'கிட்' என்னும் மென்பொருளில், உறைகளுக்கென்றே ஒரு கோப்பு உளது. அதிலுள்ள செயற்கூறொன்று, சிக்னலால் தடைப்பட்ட அழைப்பைத் தானே மீட்டும் தொடங்கும். மற்றொன்று, கொடுத்தது முழுதும் சென்று முடியுமளவும் விடாது எழுதும். ஒரு முறை சுழிப் பைட்டே சென்றதாயின், வட்டில் இடமில்லை என்னும் பிழையைத் தானே பொறித்து −1 என்று திரும்பும். இதனினும் நேர்மையான உறையை யாம் வேண்டோம். சுழன்று முயல்வது அதன் தொழில். முயன்றும் ஆகாததை ஆயிற்றென்னாமை அதன் அறம்.

இவ்வளவில் ஒருவன், "தோற்றால் மீண்டும் முயல்க, இதுவே உறையின் இலக்கணம்" என்று சூத்திரஞ் செய்துவிடுவானாயின், அவன் படுகுழியில் வீழ்வான். கோப்பை மூடும் 'குளோஸ்' என்னும் அழைப்பைக் காண்க. லினக்ஸில் அது சிக்னலால் தடைப்பட்டதென்று −1 கூறித் திரும்பினும், அக்கோப்பின் எண் முன்னரே விடுவிக்கப்பட்டிருக்கும். மீண்டும் மூட முயன்றால், இடைப்பட்ட இமைப்பொழுதில் அதே நிரலின் வேறோர் இழை அவ்வெண்ணையே பெற்றுத் திறந்த வேறொரு கோப்பு மூடப்பட்டுப் போகலாம். படித்தற்கு மருந்தானது மூடுதற்கு நஞ்சாயிற்று.

இதனினும் பெரியது 'எஃப்சிங்க்' என்னும் அழைப்பின் வரலாறு. எழுதிய செய்தி நினைவகத்தில் தங்கிவிடாது வட்டைச் சென்று சேரவேண்டும் என்று கேட்பது அது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம், ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளும். பின்னர்த் தரவுக் கோப்புக்கள் வட்டைச் சேர்ந்தன என்று எஃப்சிங்க் உறுதி கூறியபின், அந்நாட்குறிப்பின் பழைய ஏடுகளைக் கழித்துவிடும். எஃப்சிங்க் தோற்றதாயின், அடுத்த வேளையில் மீண்டும் கேட்கும். இது முறையன்றோ என்று யாவரும் எண்ணியிருந்தனர். 2018ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. முதன்முறை தோற்றவுடன் லினக்ஸ் கெர்னல், வட்டைச் சேராத அப்பக்கங்களையே சேர்ந்தனவாகக் குறித்துவிடுகின்றது. ஆதலின் இரண்டாம் முறை கேட்டபொழுது, எழுத வேண்டுவது ஒன்றுமில்லை என்று வெற்றி கூறும். நாட்குறிப்பும் கழிந்தது, தரவும் இல்லை, பிழையென்று சொல்வாரும் இல்லை. 2019ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த பதிப்புக்கள் முதல், எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் போஸ்ட்கிரெஸ் அங்கேயே தன்னை நிறுத்திக்கொண்டு, நாட்குறிப்பினின்று மீட்டெழும்படி மாற்றப்பட்டது. தேர்ந்த நிரலரே பல்லாண்டு மயங்கிய இடம் இது. ஒருவனுடைய கடன் கணக்கோ, நோயாளியின் குறிப்போ அத்தளத்தில் இருந்திருக்கலாம் என்று நினைக்குங்கால், மீண்டும் முயலும் நான்கு வரிச் சுழற்சி விளையாட்டன்று என்பது விளங்கும்.

தமிழ் பயில்வார் இதனை எளிதில் உணர்வர். புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுக்கள் கிடைத்தில. அவற்றின் எண்களை விட்டு அடுத்ததை 267 என்று எண்ணிச் சென்றிருப்பின், இழப்பொன்று உண்டென்பதே நமக்குத் தெரியாது போயிருக்கும். வெற்றிடத்தை வெற்றிடமாகவே நிறுத்தியதனாலன்றோ இன்றும் தேடுவார்க்கு இடமுளது!

இதற்கு நேர்மாறான குற்றம் ஒன்றும் உண்டு. பிழை நேர்ந்தவுடன் செய்தியொன்றை அச்சிட்டு, நிரலையே முடித்துவிடும் உறைகள் அவை. ரிச்சர்டு ஸ்டீவன்ஸ் எழுதிய யூனிக்ஸ் பிணைய நிரலாக்க நூலின் 1998ஆம் ஆண்டுப் பதிப்பில், முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கிய பெயருடைய உறைகள் இவ்வாறே அமைந்தன. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்து ஆசிரியராகிய பிரையன்ட், ஓ'ஹாலரன் இருவரும் எழுதிய கணினி முறைமைப் பாடநூலும் அவ்வழக்கைப் பின்பற்றியது. பாடநூலில் அது தகும். கற்பிக்கும் பொருளைப் பிழைச் சோதனைகள் மறைக்காதிருத்தல் வேண்டும். பின்னூலில் பிழை கண்டு முடிக்கும் செயற்கூறு, சுழி என்னும் முடிவெண்ணுடன் முடிக்கின்றது. யூனிக்ஸ் மரபில் சுழியென்பது வெற்றியின் குறி என்பதை மாணாக்கர் மறவாதிருப்பாராக. எம் குறை அந்நூலாசிரியர்பால் அன்று. அவ்வுறைகளைப் படியெடுத்துத் தம் துணை நூலகத்துட் சேர்த்துப் பிறர்க்கு வழங்குவாரே எம் குறைக்கு உரியவர். தனி நிரலொன்று நினைவகம் கிடையாதபொழுது இறந்துபடலாம். அதன் தலைவன் அதனை எழுதியவனே. நூலகமோ பிறன் மனையில் விருந்து. அடுப்பெரியவில்லை என்று கண்ட விருந்தினன் வீட்டையே இடித்துவிட்டுப் போவானோ?

"தோல்வியையெல்லாம் திருப்பிக் கூறினால் அழைப்பவனுக்குச் சுமை பெருகுமே, பின் உறை எதற்கு?" என்பாருக்கு யாம் கூறுவது இது. ஒரே விடையுடைய இடர்களை உறை தானே தீர்க்கட்டும். குறை எழுத்தும், தடைப்பட்ட படிப்பும் அத்தகையன. பல விடையுடைய இடரில், எதனைத் தேர்வதென்பது அழைப்பவன் ஒருவனே அறிவான்.

சிறியதொன்று: தோல்வியைக் குறிப்பேட்டில் பதிந்துவிட்டுத் திரும்பும் உறை, பதியுமுன் எர்நோவின் மதிப்பைத் தனியே எடுத்து வைத்துப் பின் மீட்டு வைத்தல் வேண்டும், அச்சிடும் செயற்கூறே அதனை மாற்றிவிடக்கூடும்.

நூலகம் எழுதும் தோழர், உறையின் விடையைப் பாராது விடுவாரை மொழிபெயர்ப்பியே எச்சரிக்குமாறு தலைப்புக் கோப்பில் குறித்து வைத்தலும் ஆகும். அதற்கெனவே ஜிசிசி என்னும் மொழிபெயர்ப்பியில் ஒரு பண்புக்குறி உளது. விடையை வெற்று வகைக்கு மாற்றித் தப்பலாமென்று முயல்வாரையும் அது விடுவதில்லை.