கேள்வி – பதில்: தேன் மெழுகில் கிறிஸ்துமஸ் மேசை அலங்காரம்

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் 15 தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். பழைய, கறுத்த அடைகளைக் குழியில் போட்டுவிடுகிறோம். அவற்றில் மெழுகு எடுத்து, தென்னை, பனைப் பொருட்களோடு சேர்த்து, கிறிஸ்துமஸ் மேசையில் வைக்கும் மெழுகுவர்த்தி அலங்காரம் செய்து விற்க என் மகள் விரும்புகிறாள். முறையைக் கூறவும்.
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தாராளமாகச் செய்யலாம். பழைய அடைகளைப் போட்டு வைத்தால் மெழுகுப் பூச்சி பெருகி, வலுக்குறைந்த பெட்டிகளையும் தாக்கும். மெழுகு எடுப்பது பெட்டிகளுக்கும் நல்லது.

மெழுகு எடுத்தல்: அடைகளை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். துணிப்பையில் கட்டி, மேலே ஒரு கல்லை வைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். இரும்பு, செம்புப் பாத்திரங்களில் மெழுகின் நிறம் கெடும். இரவு முழுவதும் ஆறவிட்டால் மெழுகு மேலே கட்டியாகும். கறுத்த அடையில் மெழுகு குறைவாகவே தேறும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை ரப்பர் தேன் எடுக்கும்போது சீவும் மூடி மெழுகுதான் நல்ல நிறமுடையது. அதைத் தனியே சேர்த்து வையுங்கள்.

வார்த்தல்: தேன் மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸில் உருகும். நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. கொதிநீருக்குள் வேறொரு பாத்திரம் வைத்தே உருக்க வேண்டும். மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து, மூடியால் மூடுங்கள். முறுக்கிய பருத்தித் திரியை மெழுகில் நனைத்து உலர்த்தி, சிறு எவர்சில்வர் கிண்ணத்தின் நடுவில் நிறுத்தி ஊற்றுங்கள். சாதாரண மெழுகுவர்த்தித் திரியைவிடச் சற்றுத் தடித்த திரி தேவை. மெதுவாக ஆறவிடுங்கள், அவசரப்பட்டால் வெடிப்பு விழும்.

அலங்காரம்: சிரட்டையில் மெழுகை நேரடியாக ஊற்ற வேண்டாம், அதுவே எரியும் பொருள். பாதி சிரட்டையில் உலர்ந்த மணலை நிரப்பி, அதில் கிண்ணத்தைப் பதியுங்கள். சுற்றிலும் சவுக்குக் காய், கமுகம்பாளைத் துண்டு, பனை ஓலை நட்சத்திரம், கிராம்பு, பட்டை வைக்கலாம். இவற்றை மழைக்காலத்துக்கு முன்பே வெயிலில் நன்கு காயவைத்துச் சேமியுங்கள். இல்லையெனில் டிசம்பரில் பூசணம் பிடிக்கும். குன்றிமணி அழகாக இருந்தாலும் கொடிய விஷம், அரளியும் அப்படியே. குழந்தைகள் உட்காரும் மேசைக்கு இரண்டும் ஆகாது. காப்புக்காட்டில் பாசியோ செடியோ பறிக்காதீர்கள்.

முக்கியமானது: நாம் சுற்றி வைப்பதெல்லாம் காய்ந்த சருகு என்பதை மறக்கக் கூடாது. அலங்காரம் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். கிண்ணத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு மணல் மட்டும் தெரிய வேண்டும். "ஆள் இல்லாத இடத்தில் எரியவிடாதீர்" என்று எழுதிய சீட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.

பாரஃபின் கலந்தால் அதையும் சீட்டில் எழுதுங்கள். தேன் மெழுகு என்று நம்பி வாங்குபவர்தான் நாளை உங்களிடம் தேனும் வாங்குவார். விற்பனைக்கு முன், ஒன்றை வீட்டு மேசையில் ஏற்றி, கடைசிவரை எரியவிட்டு, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். ஓலை கருகாமல் இருந்தால் அதே அளவில் மற்றவற்றைச் செய்யுங்கள்.