எழுநூறு மடங்கு எடையா?



கடினமான பணி, ஆகவே கனமான ஊதியம் என்கின்றனர், மென்பொருள் நிறுவனங்களின் உச்சியில் அமர்ந்திருப்போர். நியாயம்போல ஒலிக்கும் இச்சொல்லைக் கணக்கு என்னும் உரைகல்லில் உரசிப் பார்ப்போம், வாருங்கள்!

நம் மதுரை இலந்தைக்குளத்தில் எச்.சி.எல். நிறுவனம் இயங்குகிறது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் நிலத்தை அடகுவைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த பெற்றோர், இத்தகைய வளாகங்களை நம்பியே காத்திருக்கின்றனர். அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகி 2023-24ஆம் நிதியாண்டில் பெற்றது, பங்கு ஊக்கத்தொகை உட்பட, 84 கோடியே 16 லட்சம் ரூபாய். ஊழியர் அனைவரையும் ஊதிய வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர் பெறுவதைப்போல் இது எத்தனை மடங்கு? 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்படி நிறுவனமே கூறியாக வேண்டும். கூறியது: எழுநூறுக்கும் மேல்!

1323இல் துக்ளக் படை மதுரையைக் கைப்பற்றிய நாளில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர், ஒரு காசும் செலவழியாது இன்றுவரை சேமித்திருந்தால், அந்த ஓராண்டு ஊதியத்தை இப்போதுதான் நெருங்கியிருப்பார்!

நள்ளிரவில் அயல்நாட்டு வங்கியின் மென்பொருள் நின்றுவிட்டால், உறக்கம் துறந்து பிழையைத் தேடுபவர் யார்? தலைவரா, நிரல் எழுதும் இளைஞரா?

"பொறுப்பின் சுமை தலைவருக்கன்றோ?" என்பர். பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இடர் வரும்போது விலை கொடுப்பவர் யார்? 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் 12,000க்கும் மேற்பட்டோரைக் குறைப்பதாக அறிவித்தது. அதன் தலைமை நிர்வாகி 2024-25இல் பெற்றதோ 26 கோடிக்கும் மேல். சுமை அங்கே என்கின்றனர்; வெட்டு இங்கே விழுகிறது!

உண்மை இதுதான்: தலைவரின் ஊதியத்தை இயக்குநர்களின் குழு, பிற நிறுவனத் தலைவர்களின் ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பரிந்துரைக்கிறது. புதிய பட்டதாரிக்காக ஒப்பிட்டுப் பேச அந்த அறையில் எவருமில்லை. ஆகவேதான் பெரிய நிறுவனங்களில் அவரது தொடக்க ஊதியம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. ஊதியத்தை அளப்பது பணியின் கடினமன்று. பேரம் பேசும் வலிமையே!

ஹார்வி மில் தொழிலாளர் சங்கம் கண்ட ஊர் இது. மென்பொருள் ஊழியரும் சங்கம் அமைக்கலாம் என 2016இல் தமிழ்நாடு அரசே தெளிவுபடுத்திவிட்டது. தடை சட்டத்தில் இல்லை; தயக்கத்தில் இருக்கிறது.

தோழர்களே, உங்கள் தெருவிலும் ஒரு நிரலாளர் இருப்பார். இந்தக் கணக்கை அவரிடம் கொண்டு செல்லுங்கள்!