‘டா’வுக்கு ஆங்கிலத்தில் என்ன?

‘டிஸ்டெயின்ஃபுல்லி’ என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் ‘ஏளனமாக’, ‘அலட்சியமாக’ என்று கிடைக்கும். ஏளனம் நண்பர்களுக்குள்ளும் உண்டு. அலட்சியம் யாரிடமும் உண்டு. இது வேறு. லத்தீனில் இதன் வேருக்கு ‘தகுதியில்லை என்று கருதுதல்’ என்று பொருள். மாண்பைக் குறிக்கும் ‘டிக்னிட்டி’யும் அதே வேரில் பிறந்ததுதான். நம் அரசியல் சாசன முகப்புரை உறுதிசொல்லும் மாண்பு எதுவோ, அதை எதிரில் நிற்பவருக்கு இல்லையென்று ஆக்கும் தோரணைக்குப் பெயர் இந்த வினையடை.

ஆங்கிலத்துக்குத் தனிச்சொல் தேவைப்படுகிறது. தமிழில் சாதிக்கு அந்தச் சிரமமே இல்லை, வினையிலேயே ஒட்டிவைத்திருக்கிறது. பேரன் வயதுப் பையன் அறுபது வயதுப் பெரியவரை ‘வாடா’ என்கிறான். அந்த ‘டா’ ஒன்றே போதும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு புகார் மனுவை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தோம். ஊர்க்கூட்டத்தில் உட்காரப் போனவரைப் பார்த்துச் சொன்னது: “என்னடா, உனக்கு நாற்காலி கேக்குதா?” தோழர் ஒருவர் பெயர்த்ததைப் படித்தால், ‘உங்களுக்கு நாற்காலி வேண்டுமா’ என்று உபசரித்தது போல இருந்தது! சரிசெய்யச் சொன்னோம். ‘ரூட்லி’ என்று சேர்த்தார். தோழர்களே, அது வரிசையில் இடித்துக்கொண்டு போகிறவனுக்கான சொல். நாங்கள் எழுதியது நாகரிகக் குறைவைப் பற்றிய மனு அல்ல.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததா, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்ததா என்று கேட்கிறது. நோக்கம் எங்கே தெரியும்? சொன்ன விதத்தில்தான் தெரியும். 2008இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு சாதிப்பெயரின் வேர்ப்பொருளைப் பார்க்கக் கூடாது, இன்று மக்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்றே பார்க்க வேண்டும் என்றது. (மேலே நாமே வேரைத் தோண்டினோம், இருக்கட்டும்.) ஆனால் மொழிபெயர்ப்பில் ‘டா’ உதிர்ந்துவிட்டால் பயன்பாட்டை யார் பார்ப்பது?

வினையடை மட்டும் போட்டால், ‘அது உங்கள் கருத்து’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் தள்ளிவிடுவார். அதனால் அந்த வாக்கியத்தைத் தமிழிலேயே, பேசியபடியே மனுவில் வைத்தோம். பேசியவரின் வயது, கேட்டவரின் வயது, யார் யார் நாற்காலியில் இருந்தார்கள், யார் தரையில், எத்தனை பேர் சிரித்தார்கள் என்பதையெல்லாம் எழுதினோம். அதற்குப் பிறகுதான் ‘டிஸ்டெயின்ஃபுல்லி’ என்று போட்டோம்.