டம்டம் குண்டும் அதன் சந்ததியும்

கல்கத்தாவுக்கு அடுத்த டம்டம் என்னும் ஊரின் பெயர் உலகத்தின் பல பாஷைகளில் ஒரு கொடிய குண்டின் பெயராக வழங்கி வருகிறது. அக்குண்டை வேண்டியவர் அவ்வூரார் அல்லர். அங்கே ஆயுதசாலை வைத்திருந்த பிரிட்டிஷ் சர்க்கார். பழி மாத்திரம் நம்மூர்ப் பெயருக்கு நின்றது.

1886-ல் பிரான்ஸ் தேசம் புகையில்லா மருந்திட்ட 8 மில்லிமீட்டர் தோட்டாவை அமைத்தது. 1888-ல் பிரிட்டனும் .303 அங்குலத் தோட்டாவை ஏற்றது. குண்டு சிறுத்தது, வேகம் மிகுந்தது. ஆனால் 1895-ல் சித்ரால் படையெடுப்பின்போது, அது உடலைத் துளைத்துப் போயும் எதிரியை வீழ்த்தவில்லை என்ற குறை எழுந்தது. டம்டம் ஆயுதசாலைக் காப்டன் பெர்ட்டி-கிளே குண்டின் முனைக் கவசத்தை நீக்கினார். உடலில் பாய்ந்ததும் உள்ளிருந்த ஈயம் காளான்போல் விரிந்தது.

1899-ல் ஹேக் மகாநாடு இத்தகைய குண்டுகளை விலக்கிற்று. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்து வாக்களித்தன. காயம்பட்ட நாகரிகச் சிப்பாய் விலகுவான், காட்டுமிராண்டியோ விலகான் என்பதே பிரிட்டிஷ் பிரதிநிதி ஸர் ஜான் ஆர்டா கூறிய நியாயம்! 1907-ல் பிரிட்டன் இணங்கியது. எனினும் ஒப்பந்தம் கையொப்பமிட்ட வல்லரசுகள் தமக்குள் செய்யும் யுத்தத்தையே கட்டுப்படுத்தியது. எல்லைப்புறத்து ஏழைக்கு அதில் இடமேது?

அச்சட்டம் விலக்கியது விரியும் குண்டை. அதற்குக் காட்டிய அடையாளமோ குறைபட்ட கவசம். அவ்வடையாளமே பின்வந்தோருக்கு வழிவிட்டது. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கர் கையாண்ட 5.56 மில்லிமீட்டர் குண்டுக்கு முழுக்கவசம் உண்டு. தோட்டாவின் எடை பழைய 7.62-ல் ஏறக்குறையப் பாதி. சிப்பாய் இருமடங்கு சுமக்கலாம். ஆனால் வினாடிக்குச் சுமார் 990 மீட்டர் வேகத்தில் புறப்படும் அச்சிறு குண்டு, அண்மையிலிருந்து சுட்டால் உடலுக்குள் புரண்டு சிதறுகிறது. கவசம் சட்டத்துக்கு, காயம் மனிதனுக்கு!

1979-ல் ஐக்கிய நாடுகளின் மகாநாடு, சிறுகுண்டு ஆயுதங்களை அமைப்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டுமென்று சர்க்கார்களைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோளே, கட்டளையன்று. மறு ஆண்டே நேட்டோ நாடுகள் 5.56-ஐப் பொதுத் தோட்டாவாக ஏற்றன. பின்னர் நமது ராணுவமும் இன்ஸாஸ் துப்பாக்கியோடு அவ்வளவையே மேற்கொண்டது.

தேசத்தைக் காக்க ஆயுதம் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குண்டை அதன் உருவத்தைக் கொண்டு அளப்பது போதாது; அது உண்டாக்கும் காயத்தைக் கொண்டு அளக்க வேண்டும். எந்தச் சர்க்காரும் புதுத் தோட்டாவை ஏற்குமுன் இச்சோதனையை நடத்தி, முடிவைப் பகிரங்கப்படுத்தும்படி சர்வதேசச் சட்டம் பிறக்க வேண்டும். அதை முன்மொழியும் கடமை டம்டம் இருக்கும் தேசத்தினுடையது.