மலைச்செடிக்குப் பெயரிடுவார் யார்?

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீண்டு கிடக்கும் தொழில்நிலத்தில் பெயரில்லாப் பொருள் என்று ஒன்று இல்லை. மகிழுந்தின் உள்ளே எவர் கண்ணுக்கும் தென்படாத சிறு திருகாணிக்கும் ஓர் எண் உண்டு; அவ்வெண்ணுக்கு ஒரு பதிவேடு உண்டு; அப்பதிவேட்டைக் காக்க ஓர் அலுவலர் உண்டு. ஆணி பழுதெனின், எந்நாளில் எப்பொறியில் அஃது உருவாயிற்று என்று நொடியிற் சொல்லிவிடுவர். அதே தொழிலகத்தின் மதிலுக்கு வெளியே, ஏரிக்கரையில் முள்ளும் மலருமாய்ப் படரும் தூதுவளைக்கும், நிலத்தோடு ஒட்டி மஞ்சட்பழம் தாங்கும் கண்டங்கத்திரிக்கும், கரும்பழம் உதிர்க்கும் மணித்தக்காளிக்கும் அத்தகைய பதிவேடு இல்லை. நிலத்தைச் சமன்செய்ய வருவார்க்கு அவை யாவும் புதர், அவ்வளவே.

இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர்ப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். இருங்காடு என்பது பெருங்காடு. 1998-இல் கொரிய நாட்டு நிறுவனத்தின் மகிழுந்துகள் விற்பனைக்கு வெளிவரத் தொடங்கிய ஊர் அது. இன்று அங்குக் காடு ஊர்ப்பெயரில் மட்டுமே நிற்கிறது. தொழில் வளர்ந்ததைக் குறைகூறல் ஈண்டு நோக்கமன்று; அதனால் உலையேறிய வீடுகள் பல. ஆயினும், ஓர் ஊரார் தம் மண்ணில் முளைப்பதை இன்னதென்று சுட்டிச் சொல்லும் திறத்தை இழந்துவருவதும், அதனை இழப்பென்றே உணராதிருப்பதும் கேட்டினுள் பெருங்கேடாகும். இக்கேடு ஏரிக்கரையோடு நில்லாது மலைமுடி வரை எட்டுகிறது என்பதைக் காட்டுதலே இங்குக் கருதியது.

வேலியோரத்து அம்மூன்று செடிகளும் கத்தரியின் உறவாகும். சுண்டையும் அவ்வுறவே. இவற்றையெல்லாம் நிலைத்திணையியலார் ‘சொலானம்’ என்னும் ஒரே பேரினத்துள் அடக்குவர். 1,200-க்கு மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட பெரும்பேரினம் அது. அதன் மிகுதி தென்னமெரிக்காவில் உள்ளது. அங்கே ஆந்தீசு மலையின் குளிர்ந்த உயரங்களிலிருந்து இதுகாறும் அறியப்படாத காட்டுச் சொலானங்கள் இந்நூற்றாண்டிலும் கண்டறியப்பட்டு, விளக்கி எழுதப்பட்டு, புதுப்பெயர் பெற்று வருகின்றன. தமிழ்நிலத்து மலைகளும் இவ்வகைச் செடிக்கு விலக்கல்ல. தென்னாட்டு மேற்குமலைத் தொடருக்கே உரிய முட்சொலானம் ஒன்று உண்டு. அதன் அறிவியற்பெயர் ‘சொலானம் வைட்டீ’ என்பது. அப்பெயர் வந்த வரலாற்றைத் தமிழர் அறிந்திருத்தல் நன்று.

இராபர்ட்டு வைட்டு என்பார் இசுக்காத்துலாந்து நாட்டினர். 1819-இல் கிழக்கிந்தியக் கும்பனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். இந்நாட்டு ஆள்களை ஏவித் தென்னாட்டுச் செடிகளைப் பல்லாயிரமாகத் திரட்டி உலர்த்தினார். அவற்றுள் கத்தரிக் குடும்பத்துச் செடிகளை ஆராய்ந்தவர் பிரெசுலாவில் பேராசிரியராக இருந்த செருமானியர் நீசு வான் எசென்பெக்கு. தென்னாட்டு மலையொன்றையும் ஏறிக் காணாத அவர், 1830-களில் அச்செடியைத் தனிச் சிற்றினமென வரையறுத்து, திரட்டியவர் பெயரையே அதற்கு இட்டார். தமிழர் தம் உயிரெனப் போற்றும் மலைக்குறிஞ்சியை 1832-இல் முதன்முதல் அறிவியல் முறையில் விளக்கியவரும் இதே நீசு என்பது நினைக்கத்தக்கது. வைட்டின் உலர்செடிகள் 1871-இல் இலண்டனையடுத்த கியூ தோட்டத்துக் காப்பகத்தைச் சென்றடைந்தன. செடி இந்நிலத்தது, பறித்த கையும் இந்நாட்டினர் கை, வைட்டின் நூல்களுக்கு ஓவியம் தீட்டிய இரங்கையாவும் கோவிந்துவும் இந்நாட்டினரே. பெயரும் விளக்கமும் சான்றும் மட்டும் கடல் கடந்தன.

இதனைக் கேட்ட மாத்திரத்தில் வெகுண்டெழுதல் எளிது. அதற்கு முன், ஒரு செடியைப் புதிதென நாட்டுதல் எத்துணை உழைப்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பூவும் காயும் உள்ள கிளையைப் பருவமறிந்து பறித்தல் வேண்டும். தாளிடை அழுத்தி உலர்த்தி, இடம், உயரம், நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். முட்சொலானமாயின் இலைமேல் உள்ள மயிர்கள் உடுப்போற் கதிர்விட்டுக் கிளைத்திருக்கும். உருப்பெருக்கியின்கீழ் அவற்றை நோக்குதல் வேண்டும். மகரந்தப்பையின் நுனியில் உள்ள நுண்டுளையை நோக்குதல் வேண்டும். அத்துளைவழித் தூள் தானே உதிர்வதில்லை. வண்டு பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச்செய்ய, அவ்வதிர்வால் தூள் வெளிப்படும். இவ்வாறு ஒவ்வோர் உறுப்பையும் கண்டு, முன்னர் அறியப்பட்ட உறவுச்செடிகள் அனைத்தோடும் ஒப்பிட்டு, எவ்வெவ்வகையில் இது வேறு என எழுதுதல் வேண்டும். ஓர் உலர்கிளையை அப்பெயருக்கு முதற்சான்றாகக் காப்பகத்தில் வைத்தல் வேண்டும். பிற்காலத்தார் ஐயுறின் அச்சான்றையே மீண்டும் எடுத்துப் பார்ப்பர். பெயர் காற்றில் மிதவாமல் செடியோடு கட்டுண்டு நிற்பது இதனாலேயே.

இனி, மொழி பற்றிய முறையைக் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். 1935 முதல் புதுச் சிற்றினத்தின் விளக்கம் இலத்தீனில் எழுதப்பட்டாலன்றிப் பெயர் செல்லாது என்று அனைத்துலக நெறிமுறை விதித்திருந்தது. 2011-இல் மெல்போர்ன் நகரிற் கூடிய பேரவை அதனைத் தளர்த்தியது. 2012 சனவரி முதல் நாள் தொட்டு இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம் என்றாயிற்று. இறந்த மொழிக்குத் தோழியாக வாழும் மொழியொன்று அரியணை ஏறியது. உலகின் ஏனை மொழிகளுக்கு அங்கு இருக்கை இல்லை. தமிழுக்கும் இல்லை.

எனினும், அந்நெறிமுறையே திறந்து வைத்துள்ள வாயிலொன்று உண்டு. சிற்றினப்பெயர் எம்மொழியினின்று பிறந்ததாயினும் இலத்தீன் உருவம் பூண்டால் ஏற்கப்படும். முருங்கை ‘மொரிங்கா’ எனப் பேரினப்பெயர் ஆயிற்று. வெட்டிவேர் 1822-இல் ‘வெட்டிவேரியா’ எனப் பேரினமாகவே எழுந்தது. பிற்கால ஆராய்ச்சி அதனை வேறொரு பேரினத்துள் சேர்த்துவிட்டது என்பது வேறு. கொச்சியில் ஆட்சி செலுத்திய ஒல்லாந்தர் வான் ரீடு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட மலையாள நிலத்துச் செடிநூலில், சுண்டை என்னும் சொல்லே சேரநாட்டு வழக்கில் பலவாறு அடைபெற்று அச்சேறியது. பின்னர் இலின்னேயசு உலகச் செடிகளுக்குப் பெயரிட்டபோது அந்நூலைத் துணைக்கொண்டார். ஆகவே வாயில் அடைபட்டதன்று. அதன்வழிப் புகுவார் இல்லாமையே குறை.

தமிழுக்குப் பெயரிடும் ஆற்றல் இல்லையோ எனின், கத்தரிக் குடும்பமே அதற்கு மறுமொழி கூறும். அமெரிக்க மண்ணினின்று ஐரோப்பியக் கலங்களில் அக்குடும்பத்துச் செடிகள் நான்கு தமிழகம் வந்தன. ஒன்றுக்கேனும் தமிழர் அயற்பெயரை இரந்து நிற்கவில்லை. காரத்தால் மிளகை ஒத்த காயை மிளகாய் என்றனர். உருண்ட கிழங்கை உருளைக்கிழங்கு என்றனர். புகைக்கும் இலையைப் புகையிலை என்றனர். தம் மண்ணில் முன்பே விளைந்த சிறுபழச் செடியின் பெயராகிய தக்காளியை வந்தேறிய பெரும்பழத்துக்கு வழங்கினர். இவற்றை ஆக்கிய குழு எது? எழுதாத உழவரும் அடுகளத்துப் பெண்டிருமே ஆவர். செடியைக் கையால் தொட்டவர் பெயரிட்டனர்; அப்பெயர் நின்றது.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. தமிழர் பெயரைக் காத்தனர், சான்றைக் காத்தாரல்லர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நிரல்படக் கூறினார். மாணவர் அந்நிரலை மனப்பாடமாக ஒப்பிப்பர். அவற்றுட் பலவற்றை இன்று இச்செடியே என ஒருதலையாகக் காட்டுதல் இயலாது. உரைகாரர் ஒன்று கூற, செடியறிஞர் மற்றொன்று கூறுவர். சுண்டையின் நிலையும் அதுவே. சுண்டை என்னும் சொல் இம்மண்ணினது. இன்று வற்றலாகும் சுண்டைச்செடியோ, செடியறிஞர் கருத்துப்படி, அமெரிக்க வெப்பநிலத்திலிருந்து வந்தது. பழம்பெயரைப் புதுச்செடி பூண்டுகொண்டது. பழஞ்சுண்டைகள் காட்டோரம் ஒதுங்கின. மணித்தக்காளி என்னும் ஒரு பெயரின்கீழ்ச் சிற்றினங்கள் பல மயங்கிக் கிடக்கின்றன. அவற்றின் உயிரணுவில் உள்ள நிறப்புரிகள் ஒன்றில் 24, ஒன்றில் 48, மற்றொன்றில் 72. கரும்பழமும் செம்பழமும் வேறென்பதை ஊர்ப்பெண்டிர் அறிவர். அகரமுதலிகளோ அவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. அமெரிக்கக் கண்டங்களுக்கு அப்பாற்பட்ட நிலங்களின் மணித்தக்காளி இனங்களை மட்டும் ஆராய்ந்து 2018-இல் வெளியான மீளாய்வு 19 சிற்றினங்களைப் பிரித்துக் காட்டியது. அதுவும் ஆங்கிலத்திலேயே வந்தது.

தமிழ்மலைகளின் செடிவரலாறு முழுதும் இவ்வாறே அமைந்தது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசன், நீலமலை, பழனிமலை ஆகியவற்றின் முடிநிலச் செடிகளை 1915 முதல் நூலாக்கினார். காம்பிள் தொடங்கிய சென்னை மாகாணச் செடிநூல் 1936-இல் நிறைவெய்தியது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் உலர்செடிக் காப்பகம் கண்ட அருட்டந்தை மாத்தியூ, தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் பழனிமலைக்கும் பெருநூல்கள் இயற்றினார். இவையனைத்தும் போற்றுதற்குரிய உழைப்பின் பயன். இவற்றுள் ஒன்றேனும் தமிழில் எழுதப்பட்டதன்று. இதற்கு அவ்வறிஞரைப் பழித்தல் அறமாகாது. அவர் மலையேறினர். தமிழன்பரோ அறைக்குள் அமர்ந்து, காணாத செடிக்குச் சொல்லாக்கம் செய்தனர். காணாதவன் ஆக்கிய சொல் காகிதத்திலேயே காய்ந்துபோகும். தூய தமிழ் என்பது அயற்சொல்லை அகற்றுதல் மட்டுமன்று. பொருளை நேரிற் கண்டு சொல்லுதலும் ஆகும்.

இதனால் வயிற்றுக்கு என்ன பயன் என்பார்க்கும் விடை உண்டு. கத்தரியை வாட்டும் வாடல்நோயைச் சுண்டையின் வேர் தாங்கி நிற்கும். அதனால் சுண்டையின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டுக்கட்டிப் பயிரிடும் முறை உழவரிடையே பரவிவருகிறது. வேலியோரத்து முட்செடி சோற்றுக்கறியைக் காக்கிறது. மலையுச்சியில் ஒதுங்கி நிற்கும் காட்டுறவு எந்நோயைத் தாங்கும், எவ்வறட்சியைப் பொறுக்கும் என்பதை ஆய்ந்தாலன்றி அறிதல் ஒல்லாது. மலைச்சோலைகளும் புல்வெளிகளுமோ தேயிலைக்கும் தைலமரத்துக்கும் சீகைமரத்துக்கும் இடம்விட்டுச் சுருங்கிப்போயின. பெயர் பெறாமலே ஒரு செடி அழியுமாயின், அழிந்தது என்று சொல்லவும் ஒரு சொல் இராது.

செய்யத்தக்கன மூன்று. தமிழக மலைகளிலிருந்து புதுச் சிற்றினத்தை விளக்கும் தமிழறிஞர், ஆங்கில விளக்கத்தோடு முழுமையான தமிழ் விளக்கத்தையும் உடன் வெளியிடுதல் வேண்டும். நெறிமுறை அதனைத் தடுக்கவில்லை. அச்செடி வளரும் மலையில் வாழும் இருளர், பளியர், காணியர் முதலிய குடியினர் வழங்கும் பெயரை முதலிற் கேட்டறிந்து, இயன்றவிடத்து அதனையே சிற்றினப்பெயராக்கி, சொன்னவர்க்கு உரிய சிறப்பையும் நூலிற் பொறித்தல் வேண்டும். மூன்றாவது, சமவெளியின் கடமை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுதல் வேண்டும் என்பது முறை. திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் ஆகிய ஊர்களின் பள்ளி மாணவர் தத்தம் ஏரிக்கரைச் செடிகளைப் பறித்து உலர்த்தி, பாட்டியிடம் கேட்ட பெயரை அதன்கீழ் எழுதி வைப்பாராயின், அப்பதிவேடு உயிர்பெறும். செலவு பழைய செய்தித்தாளும் சிறிது பசையும் மட்டுமே.

ஏரிக்கரையில் தூதுவளையை அடையாளம் காணக் கற்ற சிறுவனே நாளை மலையுச்சியில் இதுவரை எவரும் காணாத சொலானத்தை வேறென உணர்வான். கீழே எழுத்தறியாதவன் மேலே நூல் எழுதான். திருகாணிக்கு எண்ணிடும் கூரறிவு அவ்வூர் இளைஞர்க்கு உண்டென்பதைத் தொழிலகங்கள் நாள்தோறும் காட்டுகின்றன. அவ்வறிவில் ஒரு கூறு மதிலுக்கு வெளியே திரும்புமாயின், அடுத்த மலைச்செடியின் பெயரும் விளக்கமும் சான்றும் இம்மண்ணிலேயே தங்கும்.