தொண்ணூறு சதவீதம் தூங்குகிறதாம்!

போன வாரம் அண்ணன் மகளின் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போய் மாட்டிக்கொண்டேன். மைக்கைப் பிடித்த தன்னம்பிக்கைப் பேச்சாளர், “நாம மூளையில பத்து சதவீதம்தான் யூஸ் பண்றோம்!” என்று முழங்கினார். பந்தல் அதிரக் கைதட்டல். வாசலில் மேசை போட்டு, மீதி தொண்ணூறைத் தட்டி எழுப்பும் எட்டு நாள் பயிற்சிக்கு ரசீது கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

என் பெரியப்பாவை அந்த மேடையில் ஏற்றியிருக்க வேண்டும். நாற்பது வருஷம் மளிகைக் கடை நடத்தியவர். முப்பது சாமான் சிட்டையை மனசுக்குள்ளேயே கூட்டிச் சொல்வார். ஒருநாள் பல் துலக்கும்போது வாய் கோணியது. ஸ்கேன் படத்தில் இடப்பக்கம் ரத்தக்கட்டியால் வந்த, சின்ன வெங்காயத்தளவு ஒரு கறையை டாக்டர் காட்டினார். அன்றிலிருந்து அவருக்கு மிஞ்சியது ஒரே சொல்: “சரி.” காபி வேண்டுமா? சரி. வேண்டாமா? அதற்கும் சரிதான். தொண்ணூறு சதவீதம் சும்மா கிடக்கிறதென்றால், வெங்காயத்தளவு இடம் போனதற்கு அதிலிருந்து ஒரு துணுக்காவது எழுந்து வந்து மனுஷனைப் பேச வைத்திருக்கக் கூடாதா?

1861-லேயே பாரிசில் பால் புரோக்கா என்ற மருத்துவர் இதைப் பார்த்துவிட்டார். ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய வேறெதுவும் பேச வராத நோயாளி இறந்தபின், மூளையின் இடது முன்பகுதியில் சிதைவைக் கண்டார். நம் பேச்சாளருக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை போலும்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. தூங்கும் ஆளுக்கு இவ்வளவு சம்பளமா? பெரியப்பா கடையில் நடக்காது.

இந்தப் பத்து சதவீதம் ஊர் பரவியதில் டேல் கார்னகியின் 1936-ஆம் வருடத் தன்னம்பிக்கைப் புத்தகத்துக்குப் பெரும்பங்கு. அதற்கு முன்னுரை எழுதிய லோவல் தாமஸ், உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சொன்னதாக இந்தக் கணக்கைப் போட்டார். கார்னகியும் பயிற்சி வகுப்பு நடத்தியவர்தான். சரக்கு அன்று முதல் ஒன்றே.

கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்கும் ‘நடுமூளை’ப் பயிற்சிப் பிள்ளைகளையும் பார்த்திருப்பீர்கள். மூக்கோரத்து இடுக்கில் கொஞ்சம் பஞ்சை வைத்து அடையுங்கள். வித்தை அங்கேயே படுத்துவிடும்.

எனக்கு வயிறெரிவது வேறொன்றுக்கு. பகலில் நிலா ஏன் தெரிகிறது என்று அண்ணன் மகள் இதே பள்ளியில் கேட்டாள். “சிலபஸ்ல இல்ல, உக்காரு.” முழித்துக்கொண்டிருந்த மூளையை உட்காரவைத்துவிட்டு, தூங்குகிற மூளையை எழுப்பத் தனிக் கட்டணம்! வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? பெரியவர்கள் பேசும்போது வாயைத் திறக்கக் கூடாது. கோயில், சாதி, கல்யாணம் பற்றி ஏனென்று கேட்டால் திமிர். பெரியப்பாவுக்கு ரத்தக்கட்டி செய்ததை நாம் பிள்ளைகளுக்குக் கட்டி இல்லாமலே செய்கிறோம். எல்லாவற்றுக்கும் சரி.

அண்ணன் ரசீது வாங்கிவிட்டார். நீங்களாவது பணம் கட்டுமுன் ஒரு நடை எங்கள் வீட்டுக்கு வந்துபோங்கள். பெரியப்பா திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்.