குதிரை மறப்பதில்லை

"சண்டிக் குதிரை" என்று ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால் போதும்; அப்புறம் அதன் தலையெழுத்து சவுக்குதான். அது ஏன் சண்டித்தனம் செய்கிறது என்று யார் கேட்கிறார்கள்? பல சமயம் முதுகில் புண், பல்லில் வலி, குளம்பில் கோளாறு என்று ஏதாவது இருக்கும். பேசத் தெரிந்தால் சொல்லியிருக்கும், பாவம்!

உதகையில் தெருவில் விடப்பட்டுத் தவித்த குதிரைகள் சிலவற்றுக்கு, மசினகுடிக்கு அருகே மாவனல்லாவில் உள்ள பிராணிகள் காப்பகம் இடம் கொடுத்தது. இப்படி மீட்கப்படும் குதிரையின் புண்ணுக்கு டாக்டர் மருந்து போட்டுவிடுவார். பயத்துக்கு என்ன மருந்து?

2018-ல் இங்கிலாந்தில் ஸஸ்ஸெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக் கழகத்தார் ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். குதிரைகளுக்கு ஒருவருடைய போட்டோவைக் காட்டினார்கள்; சிலவற்றுக்குச் சிரித்த முகம், சிலவற்றுக்குச் சிடுசிடுத்த முகம். சில மணி நேரம் கழித்து, அதே ஆள் சாதாரண முகத்துடன் நேரில் வந்து நின்றார். கோப முகத்தைக் கண்ட குதிரைகள் அவரை இடக் கண்ணால் அதிகம் கவனித்தன. ஆபத்து என்று தோன்றுவதைக் குதிரை அப்படித்தான் பார்க்குமாம். படத்தில் கண்ட கோபமே மறக்கவில்லை என்றால், முதுகில் விழுந்த அடி மறக்குமா?

ஆகவே, இத்தகைய குதிரையைப் பழக்குகிறவருக்கு முதல் பாடம், சும்மா இருப்பதுதான். அது தானாக வரும் வரை காத்திருக்க வேண்டும். நெற்றிக்கு நேர் எதிரேயும் வாலுக்குப் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. அதனால் மெல்லப் பேசிக்கொண்டே தோள் பக்கமாக நெருங்குவார்கள். கழுத்தைத் தொட்டு, அது மிரளுமுன் கையை எடுத்துவிடுவார்கள். காதைப் பின்னால் மடக்கினால், "இன்றைக்கு இது போதும்" என்று அர்த்தம். அமைதியாக நின்றால் ஒரு துண்டு காரட். கயிறு, கடிவாளம், சேணம் எல்லாம் பிறகு, ஒவ்வொன்றாக. மாதக் கணக்கில் ஆகலாம். சில குதிரைகள் கடைசி வரை சேணம் ஏற்காமலே போகலாம். அதனால் என்ன? சவாரி கொடுத்தால்தான் சோறு என்று கருணைக்கு விலை பேசலாமா?

நல்லதும் அதற்கு மறப்பதில்லை. 2010-ல் வெளியான பிரெஞ்சு ஆராய்ச்சி ஒன்றில், தீனி கொடுத்துப் பழக்கிய குதிரைகள் பல மாதம் கழித்தும் மனிதரை நாடி வந்தன.

நம்மால் ஆகக்கூடியதும் ஒன்று உண்டு. புண்ணோ நொண்டலோ உள்ள பிராணியை வேலை வாங்குவது 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். கடற்கரையில் குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுமுன் அதன் முதுகையும் காலையும் பாருங்கள். புண் தெரிந்தால் சவாரி வேண்டாம். குழந்தை அழத்தான் செய்யும். காரணத்தைச் சொல்லுங்கள், புரிந்துகொள்ளும்.